பெய்யாமப் போன மழை

கேட் மூணு மணிக்குத்தான் தெறப்பாங்க தம்பி. அதுக்கு முன்னால போய் நின்னீங்கன்னா வாட்ச்மேன் உங்களப் பாத்த மாதிரியே காட்டிக்க மாட்டான். இப்படி மோட்டார் ரூமுக்குள்ள வாங்க, நிழலா இருக்கும். அந்தச் சாக்கு மேல உக்காருங்க. உரச் சாக்குன்னு எழுதிருக்கும், அதக் கண்டுக்காதீங்க, உதறித்தான் போட்டுருக்கு.

ஒயின் கம்பெனியப் பாக்க வந்திருக்கீங்களாக்கும். வாரத்துக்கு நாலு பேரு இப்படி வர்றாங்க. திராட்சைப் பந்தலுக்குக் கீழ நின்னு போட்டோ எடுக்குறாங்க, கேக்காம ரெண்டு பழத்தப் பிச்சு வாயில போடுறாங்க, பெறகு எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. எந்த வருசத்துச் சரக்கு நல்ல சரக்கு? குடிக்கிறவங்களுக்கு வருசம் முக்கியமாமே. நான் குடிச்சது கெடையாது. எங்க வேதக் கோயில்ல பூசையப்ப சாமியார் குடிப்பாரு, நாங்க பாத்துக்கிட்டு இருப்போம். ஆனா வருசத்தப் பத்தி என்னயக் கேட்டா நான் சொல்லுவேன். போன வருசம் நல்ல வருசம். கம்பெனிக்கு நல்ல வருசம், என் கொழுந்தன் பொண்டாட்டிக்கு நல்ல வருசம். எனக்குத்தான் நாசமாப் போன வருசம். ஒரே வானம், ஒரே கெணறு, ஒரே பந்தல். அது எப்படின்னு கேளுங்க.

என் பேரு மதலேன். என் வீட்டுக்காரரு சந்தியாகு. அந்தா தெரியுது பாருங்க கல்தூணு, மூணாவது வரிசை, அதுல செவப்புப் பெயிண்டு அடிச்சிருக்குல்ல, அதுக்கு மேக்க எங்களுது. கெழக்க என் கொழுந்தன் இன்னாசியோடது. பாகம் பிரிச்சப்ப நெலத்தப் பிரிக்க முடிஞ்சுச்சு, பந்தலப் பிரிக்க முடியல. மேல ஓடுற கம்பி எல்லாம் இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரே இழுப்பு. ஒரு பக்கம் அவுத்தா மறு பக்கம் கீழ வந்துரும். அதனால கோடு மட்டும் போட்டோம். இன்னாசி மலைக்கு மேல ஏலத்தோட்டத்துல கங்காணி. மாசத்துக்கு ஒருக்க வருவான், மீன் வாங்கிட்டு வருவான், தூங்குவான், போயிருவான். தோட்டம் பாக்குறது பூராம் அவன் பொண்டாட்டி பவுலின்தான். அவதான் என் ஓரகத்தி. அவளப் பத்தித்தான் சொல்லப் போறேன். நான் யாரப் பத்தியும் பொறணி பேசுறவ இல்ல, நடந்ததச் சொல்றேன்.

போன வருசத்துக்கு முந்துன ஐப்பசில கம்பெனிக்காரங்க எங்க எல்லாரையும் கூப்பிட்டு டீ குடுத்தாங்க. டீ குடுத்தாலே ஏதோ இருக்குன்னு அர்த்தம். கருணாகரன்னு ஒரு சாரு, கம்பெனில தோட்டம் தோட்டமாப் போயி பழத்தோட இனிப்பப் பாக்குறவரு. கையில குழல் மாதிரி ஒரு கண்ணாடி வச்சிருப்பாரு. பழத்த நசுக்கி ஒரு சொட்டு அதுல விட்டு, சூரியனப் பாத்துத் தூக்கிப் பிடிச்சு, பதினாறு டிகிரி பதினேழு டிகிரின்னு சொல்லுவாரு. நமக்குக் காய்ச்சலுக்குப் பாக்குற மாதிரி பழத்துக்கு இனிப்பு பாக்குறது. அவரு சொன்னாரு, இந்தத் தடவை ஒரே ஒரு தோட்டத்துப் பழத்த மட்டும் வச்சு ஒரு தனிச் சரக்கு போடப் போறோம், இருபது டிகிரிக்கு மேல எந்தத் தோட்டம் வருதோ அந்தத் தோட்டத்தோட மூணு வருசத்துக்கு ஒப்பந்தம் எழுதுவோம்னு.

மூணு வருசம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. மூணு வருசத்துக்கு யாரும் வந்து பழத்தப் பாத்து மூஞ்சியச் சுளிக்க முடியாது. அதோட எங்க வீட்டுல அப்ப ஒரு பிரச்சினை. சந்தியாகு வாழைக் கிறுக்குப் பிடிச்சு அலஞ்சாரு. இந்த வெள்ளாமையும் கொடி ஏமாத்துச்சுன்னா எல்லாத்தையும் வேரோட புடுங்கி எறிஞ்சுட்டு வாழை வைக்கப் போறேன்னு சோத்துத் தட்டுல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. வாழைக்கு என்ன, வச்சா வளந்துரும், அதுகூட ஒரு வேலையா. எனக்குக் கொடி மேல பாசம் கீசம் எல்லாம் இல்ல தம்பி. பத்தொம்பது வருசமாத் தெனம் பாக்குறோம், அவ்வளவுதான். நாலாவது தூணுக் கொடி மட்டும் கொஞ்சம் நோஞ்சான், அதுக்கு ஒரு கூடை எரு கூடப் போடணும். பதினொண்ணாவது தூணுக் கொடி இடது பக்கம் கொப்பு விட்டாத்தான் காய்க்கும். இதெல்லாம் பாசம் இல்ல, தெரிஞ்சு வச்சிருக்கிறது.

சரி, நான் என்ன செஞ்சேன், புத்திசாலித்தனமா ஒரு காரியம் செஞ்சேன். கவாத்து தெரியும்ல? கொப்ப எல்லாம் வெட்டி மொட்டையாக்குறது. வெட்டுன நாள்ல இருந்து நாலு மாசத்துல பழம். எப்ப வெட்டுறமோ அதுதான் எல்லாம். நான் கார்த்திகை கடைசில வெட்டிட்டா பங்குனி முடியிறதுக்குள்ள எல்லாருக்கும் முந்தி என் பழம் வந்துரும்னு கணக்குப் போட்டேன். வெட்டுறதுக்கு இந்தப் பக்கத்துல ஒரே ஒரு கூட்டந்தான் ஒழுங்கா வெட்டும், எட்டுப் பேரு. பவுலின் அவங்ககிட்ட மொதல்லயே சொல்லி வச்சிருந்தாளாம். எனக்கு எப்படித் தெரியும். தெரியும், ஆனா அவ நாள் குறிக்கலையே. நான் விடியக்காலம் அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னு நேரா கூட்டிட்டு வந்துட்டேன். அதுக்குப் பெறகு அவங்களுக்கு வேற எடத்துல வேலை, அப்புறம் கிறிஸ்மஸ். பவுலின் கிறிஸ்மசு முடிஞ்சு மூணாம் நாள்தான் வெட்டுனா. எனக்கு அவ பதினஞ்சு நாள் பின்னாடி. ஒரு வார்த்த கேக்கல. அவ அப்படித்தான், கேக்க வேண்டிய எடத்துல கேக்க மாட்டா, மனுசனக் குழப்பத்துல விட்டுருவா.

இப்பப் பாருங்க வானம் என்ன செஞ்சுச்சுன்னு.

மார்கழில எனக்குப் பச்சைப் பச்சையா துளிர் வந்துருச்சு, சின்னப் புள்ள உள்ளங்கை மாதிரி எலை. அவ பக்கம் வெறும் குச்சி. நான் தெனம் காலைல வந்து நின்னு எம்பக்கத்தப் பாப்பேன், அவ பக்கத்தப் பாப்பேன், நல்லா இருக்கும். அப்ப எறங்குச்சு பனி. பனின்னா சும்மா பனி இல்ல, பத்து மணி வரைக்கும் மலை இருக்கா இல்லையான்னே தெரியாது. எலை அடியில வெள்ளப் பூசணம், மேல மஞ்சப் பொட்டு. செவட்டைன்னு சொல்லுவோம். துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சு அடிச்சு சந்தியாகு நீலக் கலர்ல திரிஞ்சாரு. பவுலின் பக்கம் ஒண்ணுமே இல்ல. எலைன்னு இருந்தாத்தானே நோய் வரும். அவ துளிர் விடறப்ப பனி வெலகிருச்சு.

தைல எனக்குப் பூ. தைப் பொங்கல் கழிஞ்சு நாலாம் நாளு, யாரு கேட்டா, மூணு நாளு மழை. தைல மழை பெஞ்சு நீங்க பாத்திருக்கீங்களா? அந்த வருசம் பாத்தோம். பூவுல முக்காவாசி கொட்டிப் போச்சு. நின்ன குலை எல்லாம் பல்லு விழுந்த வாய் மாதிரி இங்க ஒரு காய் அங்க ஒரு காய். பவுலினுக்கு அப்ப மொட்டே வரல. மழை முடிஞ்சு நல்ல வெயிலு வந்து நெலம் காஞ்சதும் அவ கொடி நிதானமாப் பூத்துச்சு. ஏதோ கல்யாணத்துக்கு வர்றவ மாதிரி, எல்லாரும் வந்து உக்காந்த பெறகு வர்றா பாருங்க, அந்த மாதிரி. குலை ஒவ்வொண்ணும் விரல் நுழையாது, அவ்வளவு நெருக்கம்.

எனக்குப் பொறாமை எல்லாம் இல்ல. எனக்கு வானத்து மேலதான் கோவம்.

மாசில வெயிலு. பங்குனில அதவிட வெயிலு. கெணத்துல தண்ணி அடிமட்டத்துக்குப் போச்சு, ஒரு நாள் எனக்கு ஒரு நாள் அவளுக்குன்னு மொறை வச்சு எறச்சோம். எம் பழம் நெறம் மாற ஆரம்பிச்சுருச்சு. நெறம் மாறுனாத் தண்ணி கூடாது. அப்ப மழை பெஞ்சா இனிப்பு எறங்கிரும், தோல் வெடிச்சுரும், வெடிச்சதுல ஈ மொய்க்கும். அவளுக்கு அப்பத்தான் காய் பருக்குது, அவளுக்குத் தண்ணி வேணும். அப்ப நெலைமை என்னன்னா, எனக்கு மழை வரக் கூடாது, அவளுக்கு மழை வரணும். ஒரே பந்தலுக்கு.

செவ்வாக்கெழமை நாங்க அந்தோணியார் கோயிலுக்குப் போறது வழக்கம். நான் ஒரு மெழுகுவத்தி ஏத்தி மழை வேண்டாம் சாமின்னு சொல்லிட்டுத் திரும்புறேன், அவ எனக்குப் பின்னாடி ஒண்ணு ஏத்துறா. என் மெழுகுவத்தியில இருந்துதான் பத்த வைக்கிறா. என்ன கேட்டேன்னு நான் கேக்கல. மழைதான் கேட்டுருப்பா. வேற என்ன கேப்பா. அந்தோணியார் பாவம், காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குற மனுசரு, அவருகிட்டப் போயி ரெண்டு பேரும் இப்படி இழுத்தா அவரு என்ன செய்வாரு.

அதுக்கு மேல பங்குச்சாமியார் ஒரு காரியம் செஞ்சாரு. ஞாயித்துக்கெழமை பூசைல, ஊரே தண்ணிக்குத் தவிக்குது, வர்ற வாரம் பூராம் எல்லாரும் மழைக்காகச் செபிப்போம்னு சொல்லிட்டாரு. தனியா ஓரகத்தி கேட்டா சமாளிக்கலாம், ஊரே கேட்டா? பூசை முடிஞ்சதும் நேரா சாமியார்கிட்டப் போனேன். சாமி, மழைச் செபத்த ஒரு மூணு வாரம் தள்ளி வைக்கலாமான்னு மரியாதையாத்தான் கேட்டேன். அவரு, செபம் என்னம்மா தண்ணி லாரியா, நாள் சொல்லி வரச் சொல்றதுக்குன்னு கேட்டாரு. நாள் சொல்லித்தானே சாமி நீங்க இந்த வாரம்னு அறிவிச்சீங்கன்னு கேட்டேன். வேற யாரோ கூப்பிடுறாங்கன்னு போயிட்டாரு. யாரும் கூப்பிடல.

தண்ணி வேணுமா தம்பி? இந்தாங்க, கொடத்துலதான் இருக்கு. மெதுவாக் குடிங்க.

பெரிய வியாழன் வந்துச்சு. புனித வாரத்து வியாழக்கெழமை. அன்னைக்குக் காலைல கருணாகரன் சார் எனக்குப் போன் போட்டாரு. கடல்ல காத்தழுத்தமாம், சனிக்கெழமைக்குள்ள இந்தப் பக்கம் பூராம் பேய்மழை கொட்டப் போகுதாம், கம்பெனில பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிட்டாங்களாம். உங்க பழம் பதினாறு டிகிரில நிக்குது, தனிச் சரக்குக்கு ஆகாது, இருந்தாலும் நாளைக்குள்ள வெட்டிக் கொண்டு வந்துட்டா சாதாரணச் சரக்குக்கு எடுத்துக்கிறேன், நனஞ்சுட்டா நான் எடுக்க முடியாதுன்னாரு. சொல்லிட்டு, பவுலினுக்குப் போன் போக மாட்டேங்குது, அவங்க பழத்துக்கு இனிப்பு இன்னும் ஏறல, நனஞ்சு அழுகுறதுக்கு வெட்டிச் சந்தைக்காவது அனுப்பட்டும், நீங்க பக்கத்துலதானே, சொல்லிருங்கன்னாரு.

சரி சார்னு சொன்னேன்.

சொல்லல.

நீங்க இப்படிப் பாக்காதீங்க. நான் என்ன சொல்லக் கூடாதுன்னு உக்காந்து யோசிச்சா விட்டேன்? எனக்கு ஆள் பிடிக்கிற அவசரம். எங்க ஊருல பெரிய வெள்ளிக்கு ஒருத்தரும் கத்திரியத் தொட மாட்டாங்க, ஏசுநாதர் செத்த நாளு. வேதக்காரங்க இல்லாத ஊரு ஒண்ணு ரெண்டு மைலு தள்ளி இருக்கு, அங்க போயி ஆள் பாத்துட்டு வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிருச்சு. திரும்பி வர்றப்ப பவுலின் இந்தா இந்த வாய்க்கால் ஓரமாத்தான் நின்னு கால் கழுவிக்கிட்டு இருந்தா. என்னக்கா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டா. வெயிலுன்னு சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். மழை வேணும்னு கேட்டவதானே, வரட்டும்னு நெனச்சேன். அந்த நிமிசத்துல அப்படித்தான் நெனப்பு ஓடுச்சு, மறைக்க என்ன இருக்கு.

பெரிய வெள்ளி அன்னைக்கு இருபது பேர வச்சு வெட்டுனேன். சந்தியாகு கோயிலுக்குப் போகணும்னு குளிச்சு வெள்ள வேட்டி கட்டிட்டு நின்னாரு, பெட்டி தூக்கக் கூப்பிட்டுட்டேன். வெள்ள வேட்டி சாயந்தரத்துக்குள்ள பழச்சாறு பட்டு ஊதாவாப் போச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்குச் சிலுவைப்பாதை இந்த ரோட்டு வழியாத்தான் வரும். ஊரே வருது. முன்னால சிலுவையத் தூக்கிக்கிட்டு ஆளுக, பின்னால பொம்பளைங்க பாடிக்கிட்டு. நான் பந்தலுக்குள்ள குனிஞ்சுக்கிட்டேன். சந்தியாகு தலையில பெட்டியோட ரோட்டோரம் மாட்டிக்கிட்டாரு. ஓடவும் முடியல, எறக்கவும் முடியல. பெட்டியத் தலையில வச்சுக்கிட்டே முழங்கால் போட்டாரு. சாமியார் அவரப் பாத்துட்டு அடுத்த பாட்ட ஒரு அடி விட்டுட்டுப் பாடுனாரு. அந்தக் கூட்டத்துல பவுலினும் போறா, முக்காடு போட்டுக்கிட்டு, எங்களப் பாத்துக்கிட்டே போறா. பாவம், ஒண்ணும் தெரியாமப் போறான்னு நெனச்சேன்.

மூணு மணிக்கு வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. மேக்க மலை பூராம் கருப்பு. பைபிள்ல வர்ற மாதிரியே பட்டப்பகல்ல இருட்டு. இடி இடிச்சுச்சு. வெட்ட வந்தவங்க எல்லாம் கைய வேகமாப் போட்டாங்க, பழுத்தது பழுக்காதது பாக்காம கூடையில விழுந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், சொன்னா என்ன, முந்திக்கிட்டோம்ல. நாலு மணிக்கு வண்டி ஏத்தி அனுப்பிட்டு, சேலையால தலையத் தொடச்சுக்கிட்டு வானத்தப் பாத்தேன்.

ரெண்டு சொட்டு விழுந்துச்சு தம்பி. பொய் சொல்லல, ரெண்டு. ஒண்ணு என் கையில, ஒண்ணு தகரத்துல. அப்புறம் காத்து வந்து அந்தக் கருப்ப அப்படியே சுருட்டி மலைக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டுப் போயிருச்சு. கேரளாவுல போயிக் கொட்டுச்சாம், அங்க ரோடெல்லாம் ஆறா ஓடுச்சாம். அவங்க யாரும் கேக்கவே இல்ல.

சனிக்கெழமை காலைல கம்பெனி வாசல்ல நிக்கிறேன். கருணாகரன் சார் கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டு, என்னம்மா பதினாலரைதான் வருதுன்னாரு. அவசரத்துல காயும் பழமுமா வெட்டுனது. உள்ள இருந்து இன்னொருத்தரு வந்தாரு, நாசிக்ல இருந்து வரவச்ச ஆளு, வாயில வச்சுப் பாத்து ருசி சொல்றதுதான் அவரு உத்தியோகம். வாயில ஊத்துவாரு, கொப்பளிப்பாரு, துப்புவாரு. எல்லாத்தையும் துப்பத்தான் செய்வாரு, அதுக்குத்தான் சம்பளம், அது எனக்குத் தெரியும். ஆனா எம் பழத்துச் சாற அவரு துப்புன வேகம் இருக்கே, அது வேற. பாவம் பாத்து வெறும் ஜூசுக்கு எடுத்துக்கிட்டாங்க.

அதுக்கு அப்புறம் பத்தொம்பது நாளு. ஒரு மேகம் இல்ல. பகல்ல வெயிலு, ராத்திரி மலைக்காத்து, சூடும் இல்ல குளிரும் இல்ல. நான் எம் பாட்டுக்கு மொட்டைக் கொடியப் பாத்துக்கிட்டு இந்த வாசப்படியில உக்காந்திருக்கேன். அந்தப் பக்கம் பவுலின் பழம் கருத்து, மினுங்கி, மேல சாம்பல் பூத்த மாதிரி. வண்டு வந்து சுத்துது. கருணாகரன் சார் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாரு. பதினேழு, பத்தொம்பது, இருபது. கடைசில இருபத்தொண்ணரை. அந்த நாசிக்காரரு பந்தலுக்குக் கீழயே நின்னு ஒரு பழத்த வாயில போட்டாரு. நான் இங்க இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். துப்புவாரு துப்புவாருன்னு பாக்குறேன். முழுங்கிட்டாரு.

சந்தியாகு வாழைக்கன்னுக்குச் சொல்லிட்டு வந்துட்டாரு. வைகாசி கழிஞ்சதும் கொடியப் புடுங்குறதுன்னு முடிவு. எனக்கு ரெண்டு நாளு சோறு பிடிக்கல, அது வேற, வெயிலு காலத்துல எனக்குப் பித்தம்.

வைகாசில கம்பெனில விழா. சாமியானா போட்டு, சேர் போட்டு, சாமியாரக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லி. எல்லாத் தோட்டத்துக்காரங்களையும் கூப்பிட்டாங்க, போகாம இருந்தா அவ வாங்குறதப் பாக்கப் பிடிக்கலைன்னு நெனப்பாங்களேன்னு போனேன். மொதலாளி பவுலினக் கூப்பிட்டாரு, தனிச் சரக்கு உங்க தோட்டத்துப் பழத்துலதான்னாரு, எல்லாரும் கைதட்டுனாங்க. மைக்கக் குடுத்து ரெண்டு வார்த்த பேசச் சொன்னாங்க. கோயில்ல வாசகம் வாசிக்கக் கூப்பிட்டாக்கூட தலைவலின்னு சொல்றவ, மைக்க வாங்கிட்டா.

வாங்கி என்ன சொல்றா தெரியுமா. இது எந் தோட்டம் மட்டும் இல்ல சார், எங்க அக்கா மதலேனோட தோட்டமும் சேந்து ஒரே பந்தல்தான். அன்னைக்கு எல்லாரும் மழை வருது வெட்டு வெட்டுன்னு சொன்னப்ப, எங்க அக்காதான், நீ அவசரப்படாத, பழத்தக் கொடியில விட்டு வைன்னு சொன்னாங்க. அவங்க பழத்த வெட்டிட்டு எம் பழத்தக் காப்பாத்துனாங்க. ஒப்பந்தம் எழுதுறதா இருந்தா ரெண்டு பேரு பேருலயும் எழுதுங்க, இல்லாட்டி வேண்டாம்.

கருணாகரன் சார் என்னயப் பாக்குறாரு. நான் அவரப் பாக்கல. என்னய மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்திட்டாங்க தம்பி. மொதலாளி கையக் குலுக்கி, உங்க மாதிரி அனுபவசாலிங்கதான் எங்களுக்கு வேணும்னாரு. சாமியார் மொத ஆளாக் கைதட்டுறாரு. நான் என்ன செய்வேன், கும்புட்டுட்டு எறங்கிட்டேன். ரெண்டு பேரு பேருலயும் எழுதியாச்சு. ஒரே நிபந்தனை, இனிமே ரெண்டு பாதியும் ஒரே நாள்ல கவாத்து வெட்டணும்னு. சந்தியாகு அன்னைக்கே வாழைக்கன்னு வேண்டாம்னு சொல்லப் போயி கன்னு விக்கிறவன்கிட்டத் திட்டு வாங்கிட்டு வந்தாரு.

நான் என்ன நெனச்சேன்னா, இவ ஒரு வெகுளி. ஏதோ நான் என்னைக்கோ சொன்னத இதுக்குச் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டா. நல்லதுதான்னு விட்டுட்டேன். ஒரு மாசம் அப்படியே போச்சு. ஆனியில ஒரு நாளு ரெண்டு பேரும் இந்த ரூம்லதான் இருக்கோம். மோட்டார் ஓடல, நான் பீஸ் கட்டையப் பாத்துக்கிட்டு இருக்கேன், அவ ஒயரப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. எனக்கு வாய் சும்மா இருக்கல. ஏன்டி, நான் உங்கிட்ட எப்ப அப்படிச் சொன்னேன்னு கேட்டுட்டேன்.

"நீங்க எங்கக்கா சொன்னீங்க. நீங்கதான் ஒண்ணுமே சொல்லலையே" அப்படின்னா.

கருணாகரன் சார் அன்னைக்கே, அந்த வியாழக்கெழமை மத்தியானமே, போன் போகலைன்னு பைக்ல நேரா வந்து அவகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டாராம். உங்க அக்காகிட்டயும் சொல்லி விட்டுருக்கேன்னு வேற சொல்லிருக்காரு. அப்ப வாய்க்காலோரம் நின்னு என்னக்கா முகம் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டா பாருங்க, அப்ப அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டுருக்கா.

அப்புறம் ஏன்டி வெட்டலன்னு கேட்டேன். பன்னெண்டு டிகிரிப் பழத்த வெட்டி என்ன செய்யறது, புளிப்பு, சந்தையில நாய்கூட மோந்து பாக்காது, நனஞ்சா நனையட்டும்னு விட்டேன்னா. அப்ப மேடையில ஏன் அப்படிச் சொன்னன்னு கேட்டேன். ஒயர விடாமப் பிடிச்சுக்கிட்டே சொல்றா.

"பெரிய மச்சான் கொடியப் புடுங்கிட்டா எம் பாதிப் பந்தல் எப்படிக்கா நிக்கும்? அதோட, வாழைத் தோட்டத்துல நீங்க உக்காந்திருக்கிறத நான் பாக்க மாட்டேன்."

இதுக்கு என்ன சொல்றீங்க. நீங்க சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரல. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. ஒரு மாசம் அந்தப் பொன்னாடைய பீரோவுல வச்சு நான் தெனம் தெறந்து பாத்துக்கிட்டு இருக்கேன், அவ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அக்கா அக்கான்னு வந்து கொழம்பு வாங்கிட்டுப் போறா. ஒரு சண்டை போட்டுருக்கலாம்ல? ஏன்டி சொல்லலன்னு ரோட்டுல நின்னு நாலு வார்த்த திட்டிருந்தா நானும் நாலு வார்த்த திட்டிருப்பேன், முடிஞ்சுருக்கும். மனுசன வேக விட்டுப் பாக்குறது. இவளுக்கு என்னமோ ஊருல நல்லவன்னு பேரு.

மனசு ஆறாமப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கூண்டுக்குள்ள சாமியார் இருக்காரு, வலை வழியா எல்லாத்தையும் சொன்னேன். பெரிய வெள்ளில வேலை செஞ்சது, சேதி சொல்லாம விட்டது, பொன்னாடை வாங்குனது. கடைசில அவளப் பத்தியும் சொன்னேன். அடுத்தவங்க பாவத்த இங்க சொல்ல வேண்டாம்மான்னாரு. சரின்னேன். அந்தப் பெண்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களான்னாரு. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே சாமி, தெரிஞ்சவகிட்டப் போயி என்னத்தச் சொல்றதுன்னு கேட்டேன். தூங்கிட்டாரோன்னு தட்டிப் பாத்தேன். பெறகு, அபராதம் பத்து அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்கன்னாரு.

பத்து. நான் யோசிச்சுப் பாத்தேன். நான் சொல்லாமத்தான் இருந்தேன், வாயத் தெறந்து பொய் சொல்லல. மேடை ஏறி, மைக்கப் பிடிச்சு, சாமியாரு முன்னாடியே பொய் சொன்னது யாரு? அவ. அப்ப பத்துல பாதி அவளுக்குத்தானே சேரணும். நேராத் தோட்டத்துக்கு வந்தேன். அவ பந்தலுக்குக் கீழ நின்னு காஞ்ச கொப்பக் கழிச்சுக்கிட்டு இருந்தா. இந்தா பாரு, சாமியார் பத்து குடுத்துருக்காரு, அதுல அஞ்சு உன்னோடது, சொல்லிருன்னேன்.

ஏன் எதுக்குன்னு கேப்பான்னு பாத்தேன். கத்திரியக் கீழ வச்சுட்டு, முக்காட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு, அந்த மண்ணுலயே முழங்கால் போட்டா. அஞ்சையும் அவசரமே இல்லாமச் சொல்லி முடிச்சா. எந்திரிச்சு முழங்கால்ல மண்ணத் தட்டிக்கிட்டே, "உங்க அஞ்சச் சொல்லிட்டீங்களாக்கா?"ன்னு கேட்டா.

எனக்கு எங்க தம்பி நேரம்.